ஒரே பெட்டி, ரெண்டு ஓஎஸ், பொதுவா ஒரு டிரைவ்: வண்ணார்பேட்டை சர்வீஸ் கடைக்கு என் மார்க்கு அஞ்சுக்கு மூன்றரை

கடை பேரு போடல, கேக்காதீங்க. ஒத்த ஆளா நடத்துத கடை. திருநெல்வேலி வண்ணார்பேட்டை மெயின் ரோட்டுல இருந்து ஒரு முடுக்குக்குள்ள போயி மாடி ஏறணும், தெரிஞ்சவங்களுக்கு இதுவே போதும். அண்ணாச்சி கைவேலை சுத்தம். ஆனா வாயத் தொறந்து சொல்ல வேண்டியத சொல்ல மாட்டாரு, அந்த ஒரு குணத்தால எனக்கு ரெண்டு வாரம் தூக்கம் போச்சு, ஒரு ஊர்க் கொடை, அதான் கோயில் திருவிழா, அந்த நோட்டீஸே தப்பா அச்சாகிப் போயிருக்கும், அதான் இம்புட்டு நீளமா எழுதுதேன்.

நான் பாளையங்கோட்டையில வீட்டுல இருந்தே டிடிபி வேலை பாக்கேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கிரகப்பிரவேசம், எல்லாத்துக்கும் மேல கோயில் கொடை நோட்டீஸ். நம்ம பக்கம் கொடை சீசன் வந்துட்டுன்னா சுடலைமாடனுக்கோ இசக்கிக்கோ முத்தாரம்மனுக்கோ ஏதாவது ஒரு ஊர்ல மேளம் கொட்டிக்கிட்டேதான் இருக்கும், அத்தனைக்கும் நோட்டீஸ் வேணும், நோட்டீஸ்ல வரி, அதான் கொடைச் செலவுக்கான பங்குத் துட்டு, கட்டுன அத்தனை பேரு பேரும் வேணும். பேஜ்மேக்கர், கோரல்டிரா, பழைய தமிழ் ஃபான்ட்டு, இது மூணும் இல்லாம என் சோலி ஓடாது, மூணும் எனக்கு விண்டோஸ்லதான் பழக்கம்.

சிஸ்டம் பழசு. ஐ3 ஏழாவது ஜெனரேஷன், 8 ஜிபி ரேம், விண்டோஸ் 10. அந்த விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சிட்டு, 11 போடலாம்னு பாத்தா என் ப்ராசசர் மைக்ரோசாஃப்ட் லிஸ்ட்லயே கிடையாது. புதுசு வாங்க துட்டுக்கு எங்க போக. எம்மவ காலேஜ்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் ரெண்டாவது வருசம் படிக்கா, அவளுக்கு எப்படியும் லினக்ஸ் வேணும், அதுவும் விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டர ஓட்டுத ஒரு ஓஎஸ்தான், அதுல ஒரு வகைதான் மின்ட். அவதான் வழி சொன்னா, "எம்மா, நெட்டு சோலி எல்லாம் மின்ட்ல வச்சுக்க, டிசைன் மட்டும் விண்டோஸ்ல பண்ணு, அந்தப் பக்கம் நெட்டையே போடாத"ன்னு. நல்ல யோசனைதான். ஆனா ஊர்க்காரங்க வாட்ஸ்அப்ல அனுப்புத பேரு லிஸ்ட்டும் சாமி போட்டோவும் மின்ட் பக்கம் இறங்கும், டிசைன் விண்டோஸ் பக்கம் நடக்கும், முடிச்ச பிடிஎஃப் மறுபடி மின்ட் பக்கம் போயி ஆகணும். நடுவுல பொதுவா ஒரு டிரைவ் இல்லைன்னா என் பெட்டியில இருந்து என் பெட்டிக்கே பென் டிரைவ்ல தூக்கிட்டு அலையணும்.

மாசி மாசம் சிபியுவ சாக்குல சுத்தி ஆட்டோல வச்சுக் கொண்டு போனேன். அண்ணாச்சி கேட்ட முத கேள்வியே, "பேக்கப் எங்கம்மா?"

"எல்லாம் டி டிரைவ்ல இருக்கு அண்ணாச்சி."

"டி டிரைவும் இந்தப் பெட்டிக்குள்ளதான இருக்கு? வெளிய ஒரு காப்பி இல்லாம நான் ஸ்க்ரூடிரைவரையே எடுக்க மாட்டேன்."

திருப்பி அனுப்பிட்டாரு. ஆட்டோக்கு போக வர துட்டு தெண்டம், வழியெல்லாம் அவரத் திட்டிக்கிட்டேதான் வந்தேன். வீட்டுல எக்ஸ்டர்னல் ஹார்ட்டிஸ்க்ல ராத்திரி முழுக்க காப்பி போட்டு மறுநாள் போனேன். இப்ப நெனச்சா அந்த ஒரு விசயத்துக்கே அவருக்கு ஒரு மார்க்கு கூடப் போடலாம். துட்டு வாங்கிப் போட்டுட்டு "உங்க டேட்டாவுக்கு நாங்க பொறுப்பில்ல"ன்னு ரசீதுல சீல் குத்துத கடையத்தான் நான் இதுவரை பாத்திருக்கேன்.

அமைச்சுக் கொடுத்தது இப்படி. 480 ஜிபி எஸ்எஸ்டியில பாதிக்கு மேல விண்டோஸ், மிச்சம் லினக்ஸ் மின்ட். பழைய 1 டிபி ஹார்ட்டிஸ்க் முழுசும் ஒரே பார்ட்டிஷன், அதுக்கு "பொது"ன்னு தமிழ்லயே பேரு வச்சுக் கொடுத்துட்டாரு, ரெண்டு பக்கமும் அதே பேருலதான் தெரியுது. ஆன் பண்ணினா கருப்பு ஸ்கிரீன்ல எதுக்குள்ள போகணும்னு கேக்கும், அம்புக்குறிய அமுக்கி எண்டர் தட்டணும், அவ்வளவுதான். ரெண்டு ஓஎஸ் போட்டுக் கொடுத்ததுக்கும் பொது டிரைவுக்கும் சேத்து 1,200 ரூவா வாங்கினாரு, எனக்கு அது ஞாயமாத்தான் பட்டுது.

எந்த ஃபார்மேட்டுன்னு நான் விடாமக் கேட்டேன், அதுக்கு மட்டும் வாயத் தொறந்தாரு. ஃபேட்32 போட்டா எல்லாத்துலயும் திறக்கும், ஆனா ஒரு ஃபைலு 4 ஜிபிய தாண்டக் கூடாது, கல்யாண வீடியோ ஒண்ணு வந்தாலே படுத்துரும். எக்ஸ்ஃபேட் பரவால்ல, 2019-ல மைக்ரோசாஃப்ட்டே அதோட விவரத்த வெளிய விட்ட பொறவு லினக்ஸ் கெர்னல்லயே சேந்துட்டு, பென் டிரைவுக்கு அதுதான் சரி, ஆனா அதுக்கு ஜர்னல், அதான் என்ன எழுதப் போறோம்னு முன்னாலயே குறிச்சு வைக்குத குறிப்பு, கிடையாது, எழுதிக்கிட்டு இருக்கையில கரண்டு போச்சுன்னா எது பாதியில நின்னுதுன்னு அதுக்கே தெரியாது. லினக்ஸோட எக்ஸ்ட்4 நல்ல சரக்கு, விண்டோஸுக்கு அது என்னன்னே தெரியாது, "ஃபார்மேட் பண்ணவா"ன்னு கேக்கும், அவசரத்துல நீங்க ஆமான்னு அமுக்கிருவீங்கன்னு சொல்லிச் சிரிச்சாரு. கடைசியில என்டிஎஃப்எஸ். விண்டோஸுக்கு அது சொந்த வீடு, லினக்ஸ் ரொம்ப வருசமாவே அதுல படிக்கவும் எழுதவும் பழகிட்டு. சரின்னு அதையே போட்டாச்சு.

முத பத்து நாளு ஒரு குறையும் இல்ல. அதுக்குப் பொறவுதான் ஆரம்பிச்சுது. சாயங்காலம் காலேஜ் விட்டு வந்து எம்மவ மின்ட்டத் திறந்தா "பொது"ல ஒண்ணும் எழுத முடியல. ஃபைலத் திறக்கலாம், பாக்கலாம், சேவ் பண்ண விடாது, ஃபோல்டர் மேல குட்டியா பூட்டுப் படம் வேற. நான் போயி உக்காந்தா நல்லா வேலை செய்யுது. "நீ என்னட்டி பண்ணுன, நான் தொட்டா திறக்கி, நீ தொட்டா பூட்டிக்கிடுது"ன்னு நான் சத்தம் போட, அவ "ஆமா, நான் பூட்டும் சாவியும் கொண்டுதான காலேஜுக்குப் போறேன்"ன்னு மூஞ்சத் தூக்க, ரெண்டு நாளு வீட்டுல பேச்சே கம்மி. சோறு வச்சா கூட சத்தம் இல்லாம தின்னுட்டுப் போனா.

மூணாவது நாளு அவளே டெர்மினல்ல, அதான் கட்டளைய டைப் அடிக்குத ஸ்கிரீன்ல, டிரைவ மவுண்ட் பண்ணி, அதாவது ஏத்திப் பாத்து அதுல வந்த வரிய எனக்கு வாசிச்சுக் காட்டினா. விண்டோஸ முழுசா ஷட் டவுன் பண்ணிட்டு வாங்க, ஹைபர்னேஷன் ஃபாஸ்ட் ரீஸ்டார்ட் எல்லாம் கூடாது, அதனால ரீட் ஒன்லியா மட்டும் திறக்கேன்னு எழுதியிருக்கு. முழுசா ஷட் டவுன்னா? அப்ப அரைகுறை ஷட் டவுன்னு ஒண்ணு இருக்கா?

இருக்குங்க. அண்ணாச்சிக்கு போன் போட்டேன். "ஓ, அத ஆஃப் பண்ணலையா நான்?"ன்னாரு, என்னமோ ஃபேன் ஸ்விட்ச்ச மறந்த மாதிரி.

விசயம் என்னன்னா, 2012-ல வந்த விண்டோஸ் 8-ல இருந்தே ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்னு ஒண்ணு உண்டு. ஷட் டவுன் கொடுத்தா நம்ம திறந்து வச்ச ப்ரோக்ராம எல்லாம் மூடிரும், ஆனா விண்டோஸோட உள் மண்டை, அதான் கெர்னல், மூடாது, அப்படியே டிஸ்க்ல ஒரு ஃபைலா எழுதி வச்சுட்டு உறங்கிரும், ஹைபர்னேஷன்னு சொல்லுதது இந்த மாதிரி உறக்கத்தத்தான், மறுநாள் அதையே எடுத்து ஏத்திக்கிடும், அதனாலதான் சீக்கிரமா எந்திரிக்கி. பலசரக்குக் கடையில கணக்கப்பிள்ளை பேரேட்ட மூடாம, பாதிக் கணக்க மனசுலயே வச்சுக்கிட்டு கல்லாவுலயே சாஞ்சு உறங்குதாருன்னு வைங்க, அந்நேரம் இன்னொருத்தன் வந்து அதே பேரேட்டுல நாலு வரி எழுதிட்டுப் போனா, முழிச்சவரு தன் மனசுல இருந்த பழைய கணக்க அதுக்கு மேலயே எழுதிருவாரு. எழுதின ஃபைலும் போச்சு, டிரைவும் குழம்பிப் போச்சு. அதுக்குப் பயந்துதான் லினக்ஸ் கையக் கட்டிக்கிட்டு "பாக்கேன், எழுத மாட்டேன்"ன்னு நிக்கி. தப்பு அது பேருல இல்ல, என் ஃபைலக் காப்பாத்தினதே அதுதான்.

அப்ப நான் தொட்டா மட்டும் ஏன் திறந்துது? ரீஸ்டார்ட்டுக்கு இந்த அரை உறக்கம் கிடையாது, அது முழுசா மூடிட்டுத்தான் எந்திரிக்கும். நான் டிசைன முடிச்சதும் ரீஸ்டார்ட் கொடுத்து நேரா மின்ட்டுக்குப் போயிருவேன், எனக்கு ஒண்ணும் ஆகல. மத்தியானம் அடுப்படி சோலி வந்தா விண்டோஸ ஷட் டவுன் பண்ணிட்டு எந்திரிச்சுப் போயிருவேன், அதுக்குப் பொறவு திறக்கது எம்மவ. ஆக பூட்டினது நான், ஏச்சு வாங்கினது அவ. அன்னைக்கு ராத்திரி அவளுக்கு வீட்டுலயே முட்டை ஊத்தி நாலு தோசை சுட்டுப் போட்டு சமாதானம் பண்ணினேன்.

நிறுத்துத வழி: விண்டோஸ்ல கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், பவர் பட்டன் என்ன செய்யணும்னு ஒரு லிங்க் இருக்கும், அதுக்குள்ள போயி, மேல "இப்போ மாத்த முடியாத செட்டிங்க மாத்து"ன்னு இங்கிலீஷ்ல ஒரு வரி கிடக்கும், அத அமுக்கினாத்தான் கீழ ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்க எடுக்க முடியும். அந்த மேல் வரியத் தெரியாம நான் கால் மணி நேரம் மங்கலா கிடந்த டிக்கையே தட்டிக்கிட்டு இருந்தேன். இல்லன்னா கமாண்ட் ப்ராம்ப்ட்ட அட்மினா திறந்து பவர்சிஎஃப்ஜி ஸ்லாஷ் ஹெச் ஆஃப்னு ஒரு வரி அடிச்சா ஹைபர்னேஷனே மொத்தமா போயிரும், கூட சி டிரைவ்ல பல ஜிபி இடமும் மிச்சம். எஸ்எஸ்டியில ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இல்லாம ஏறுதது எனக்கு ஒண்ணும் லேட்டாத் தெரியல. ரெண்டு ஓஎஸ் போட்டுக் கொடுக்குதவரு பெட்டியக் கைல கொடுக்கும் முன்ன பண்ண வேண்டிய முத சோலி இது. இதுக்குத்தான் ஒரு மார்க்கு கொறச்சேன்.

மிச்ச அரை மார்க்கு கடிகாரத்துக்கு. இது இன்னும் பெரிய கூத்து. மின்ட்ல இருந்து விண்டோஸுக்கு வந்தா நேரம் அஞ்சரை மணி நேரம் பின்னால கிடக்கும். சாயங்காலம் நாலு மணிக்கு காலைல பத்தரைன்னு காட்டும். போர்டுல இருக்கற பேட்டரி செல்லு தீந்துட்டு போலன்னு நானே புது செல்லு வாங்கிப் போட்டேன், மாறல. காரணம், போர்டுல ஓடுத கடிகாரத்துல லினக்ஸ் யூடிசி நேரத்த, அதான் நம்ம நேரத்துக்கு அஞ்சரை மணி பின்னால ஓடுத உலகப் பொது நேரத்த, வைக்கும், விண்டோஸ் அதையே நம்ம ஊர் நேரம்னு எடுத்துக்கிடும். நெட்டு இருந்தா விண்டோஸ் தானா திருத்திக்கிடுமாம், நான்தான் அந்தப் பக்கம் நெட்டே போடலியே.

சரி, கடிகாரம் தப்பா இருந்தா என்னன்னு விட்டுட்டேன். அங்கதான் மாட்டினேன். தாமிரபரணிக் கரையோரம் ஒரு ஊரு, சுடலைமாடன் கோயில் கொடை. முத ப்ரூஃப் பாத்துட்டு "வரி கட்டினவங்க லிஸ்ட்ல ஒரு பேரு விட்டுப் போச்சு தாயி"ன்னு அதே பிடிஎஃப்ப திருப்பி அனுப்பினாவ, நான் மூணு மணிக்கு மின்ட்ல அத டவுன்லோடு பண்ணி பொதுல வச்சேன். விண்டோஸுக்குப் போயி பேரச் சேத்து நாலு மணிக்கு புது பிடிஎஃப் எடுத்தேன், விண்டோஸ் கணக்குல அது காலைல பத்தரை. மறுபடி மின்ட்டுக்கு வந்து எம்மவள "கடைசியா உள்ளத சிவகாசிக்கு அனுப்பிரு"ன்னேன். அவ தேதி வரிசையில மேல இருந்தத எடுத்தா, மேல இருந்தது பழசு. அனுப்புத பட்டன அமுக்கப் போற நேரத்துல சும்மா பின்னால நின்னு எட்டிப் பாத்தேன், வில்லுப்பாட்டு, சாமக்கொடை எல்லாம் சரியா இருக்கு, லிஸ்ட்டுல மூணாவது பத்தியில அந்தப் பேரு இல்ல. ரெண்டாயிரம் நோட்டீஸ் அடிச்சு ஊருக்குள்ள போயி, வரி கட்டினவரு பேரு இல்லன்னா என்ன ஆகும்னு நம்ம பக்கத்து ஆளுகளுக்கு நான் சொல்லணுமா. கொடையே ரெண்டா போயிரும்.

இதுக்கும் ஒத்த வரிதான் மருந்து. மின்ட் டெர்மினல்ல டைம்டேட்சிடிஎல் செட் லோக்கல் ஆர்டிசி 1, நடுவுல கோடு எங்க வருதுன்னு பிள்ளைங்ககிட்ட கேட்டுக்கிடுங்க. அடிக்கையில இது அவ்வளவு நல்லதில்லன்னு அதுவே ஒரு எச்சரிக்கை காட்டும், கோடைக்கு ஒருக்க குளிருக்கு ஒருக்கன்னு கடிகாரத்த மாத்துத நாட்டுலதான் அது பெரிய தொந்தரவு, நமக்கு வருசம் பூரா ஒரே நேரம்லா. எனக்கு அதுக்குப் பொறவு நிமிசம் கூட மாறல.

மத்ததெல்லாம் சில்லறை. எம்மவ மின்ட்ல ஒரு ஃபைலுக்கு "பூஜை 12:00"ன்னு பேரு வச்சா, மின்ட் சரின்னுட்டு, விண்டோஸ்ல போனா திறக்க மாட்டேங்கு, அழிக்கவும் முடியல, விண்டோஸுக்கு பேருல முக்காப்புள்ளி ஆகாது, கேள்விக்குறி நட்சத்திரம் எல்லாமும் ஆகாது. மவுண்ட் பண்ணுத வரியில விண்டோஸ் நேம்ஸ்னு ஒரு வார்த்தை சேத்துட்டா மின்ட்டே அந்த மாதிரி பேர வைக்க விடாது, அவளே சேத்துட்டா. பொறவு பொதுல இடம் கொறஞ்சுக்கிட்டே வருது, என்னன்னு பாத்தா விண்டோஸ் பக்கம் புள்ளி ட்ராஷ் ஆயிரம்னு ஒரு ஃபோல்டர், உள்ள 40 ஜிபி. மின்ட்ல அழிச்சதெல்லாம் அங்கதான் குப்பையா கிடக்கு, விண்டோஸ் குப்பைத்தொட்டிய காலி பண்ணினா இது போகாது, மின்ட்ல போயி தனியா காலி பண்ணணும். அவ பைத்தான் சோலிய எல்லாம் பொதுல வைக்காதன்னு சொல்லிட்டேன், லினக்ஸ் பெர்மிஷன் எல்லாம் அங்க ஒழுங்கா நிக்காது, அவ பக்கத்துலயே வச்சுக்கிட்டா.

அண்ணாச்சிய ஒண்ணுல மனசாரப் பாராட்டணும். பொது டிரைவ் தானா ஏறுததுக்கு எஃப்எஸ்டேப்ல, அதான் எந்த டிரைவ ஏத்தணும்னு லினக்ஸ் பாக்குத லிஸ்ட்டுல, வரி எழுதயில, அந்த டிரைவுக்கே உரிய யூயூஐடி நம்பரப் போட்டு, நோஃபெயில்னும் சேத்து வச்சிருக்காரு. அன்னைக்கு எனக்கு அது என்னன்னு தெரியாது. சித்திரையில ஹார்ட்டிஸ்க் கேபிள் லூசாகி டிஸ்க்கே தெரியல, ஆனாலும் மின்ட் பாட்டுக்கு ஏறிட்டு, பொது மட்டும் காணல. அந்த ஒரு வார்த்தை இல்லன்னா டிரைவத் தேடி நின்னு, கடைசியில கருப்பு ஸ்கிரீன்ல எமர்ஜென்சி மோடுன்னு வந்து உக்காந்திருக்கும்னு எம்மவ சொன்னா. இதையும் அவரு சொல்லல. நல்லதையும் சொல்ல மாட்டாரு, கெட்டதையும் சொல்ல மாட்டாரு, சில பேரு அப்படி.

யூபிஎஸ் வாங்குங்கன்னு மட்டும் ரெண்டு தடவை சொன்னாரு, நான் அவரு விக்கத்தான் சொல்லுதாருன்னு நெனச்சேன். ஒரு நாள் மின்ட்ல காப்பி ஓடையில கரண்டு போயி, பொது மறுபடி பூட்டிக்கிட்டு. இந்தத் தடவை விண்டோஸ்ல போயி டிஸ்க்க சரி பாக்குத சிஹெச்கேடிஎஸ்கே ஓட்டினாத்தான் சரியாச்சு. லினக்ஸ்ல என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ்னு ஒண்ணு இருக்கு, அது சின்னச் சின்னதத்தான் பாக்கும், முழு வைத்தியம் விண்டோஸ்லதான். அதனால என்டிஎஃப்எஸ்ல பொது டிரைவ் வச்சுக்கிட்டு, கொஞ்ச நாள் கழிச்சு விண்டோஸத் தூக்கிப் போட்டுரலாம்னு நெனைக்கவங்க முதல்ல டேட்டாவ வேற ஃபார்மேட்டுக்கு மாத்திட்டுத் தூக்குங்க. யூபிஎஸ் அப்புறம் வேற கடையில வாங்கினேன், அவருகிட்ட கேக்க வெக்கமா இருந்துது.

புது லேப்டாப்ல விண்டோஸ் 11 வச்சிருக்கவங்க இதே வேலைக்கு இங்க கொண்டு போனா, பிட்லாக்கரப் பத்தி நீங்களே கேட்டுருங்க. நெறைய லேப்டாப்ல மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் போட்டு நுழைஞ்சதுமே டிஸ்க்கு தானா பூட்டிக்கிடுது, நமக்கே தெரியாது. அந்த 48 இலக்க ரெக்கவரி கீய எழுதி வைக்காம பூட் செட்டிங்க்ல கை வச்சா விண்டோஸே உள்ள விட மாட்டேங்கும். அவரா ஞாபகப்படுத்துவாருன்னு எனக்கு நம்பிக்கை இல்ல.

போன வாரம் கேபிள மாத்தப் போனேன். நாலு பேரு முன்னாலயே சொல்லிட்டேன், "அண்ணாச்சி, வேலைக்கு நூறு மார்க்கு, வாய்க்கு முட்டை"ன்னு. சிரிச்சுக்கிட்டே கேபிளுக்குத் துட்டு வாங்க மாட்டேன்னுட்டாரு, அதுக்குப் பதிலா ரெண்டு ஓஎஸ் போடுதவங்களுக்குக் கொடுக்க அரைப் பக்கத்துல ஒரு சீட்டு அடிச்சுத் தாம்மான்னு கேட்டாரு. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப், கடிகாரம், பேருல முக்காப்புள்ளி, ட்ராஷ், நாலையும் கொடை நோட்டீஸ் சைசுல பெரிய எழுத்துல அடிச்சுக் கொடுத்தேன், ஓரத்துல பூ பார்டர் வேற வச்சேன், பழக்கதோஷம். இப்ப கவுண்டர்ல ஒட்டியிருக்கு, கையிலயும் ஒண்ணு தாராரு, வாங்காம வந்துராதீங்க.

ஞாயித்துக்கிழமை லீவு. மத்தியானம் ரெண்டுல இருந்து நாலு மணி வரைக்கும் ஷட்டர் பாதி இறங்கியிருக்கும், உள்ள உறங்குவாரு, தட்டாதீங்க. ஜிபே உண்டு. முடுக்குக்குள்ள ஆட்டோ வராது, மாடிப்படி செங்குத்து, சிபியுவத் தனியாத் தூக்கிட்டு ஏற முடியாது, கூட ஒரு ஆளக் கூட்டிட்டுப் போங்க.